திரை வரையும் முன்: பயனர் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் செயலிகளுக்கும் இணையத்தளங்களுக்கும் திரை வரைவது என் தொழில். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளும் வேலை தரும் முதலாளிமாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை இதை அனுப்பிவிட்டு நான் ப்ளேன்டீ குடிக்கப் போகலாம்.

உதாரணங்களில் பாதிக்கு மேல் ஒரே வேலையிலிருந்து வருகின்றன. ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்காகச் செய்த, டாக்டரைச் சனல் செய்யும் செயலி அது. இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: சனல் செய்வது என்றால், விசேட வைத்தியர் ஒருவரைப் பார்க்க முன்கூட்டியே பணம் கட்டி நம்பர் எடுப்பது.

பயனர் ஆய்வு என்றால் சந்தை ஆய்வுதானே?

இல்லை. வாங்குவார்களா என்று பார்ப்பது சந்தை ஆய்வு. வாங்கிய பிறகு வேலையை முடிக்க முடிகிறதா என்று பார்ப்பது எங்கள் பாடு. சர்வதேசத் தர நிறுவனமான ஐ.எஸ்.ஓ.வின் 9241 தரத்தொகுதியின் 11ஆம் பகுதி 1998இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. பயன்படுதன்மையை அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கிறது: வேலை முடிந்ததா, எவ்வளவு சிரமத்தில் முடிந்தது, முடித்தவருக்குத் திருப்தியா. அதில் இன்னொரு சொற்றொடரும் உண்டு, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல். யாருக்கு, எதற்கு, எங்கே என்று சொல்லாமல் "இந்தத் திரை நல்ல திரை" என்று சொல்வதில் பொருளே இல்லை.

என் வாடிக்கையாளர்களை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். ஆய்வு எதற்கு?

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் கேட்டது. அவர் சொன்னதில் பொய்யில்லை. கடைக்குள் வருபவர் "போன முறை எடுத்த அந்தச் சாமான்" என்று இழுப்பதற்குள் பையன் மூட்டையை இறக்கிவிடுவான். ஆனால் அங்கே வேலை நடப்பது முதலாளியின் ஞாபகசக்தியால். வாடிக்கையாளர் தடுமாறும் இடத்திலெல்லாம் இவர் கைகொடுத்துவிடுகிறார், அதனால் தடுமாற்றம் இருந்ததே இவர் கண்ணில் படுவதில்லை. திரையில் இவர் இருக்கமாட்டார். "அந்தச் சாமான்" என்று தேடுபெட்டியில் எழுதினால் ஒன்றும் வராது.

அவருடைய செயலியில் நாங்கள் முதலில் வைத்தது, "போன முறை எடுத்தவை" என்ற பட்டியல். அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததெல்லாம், அரை நாள் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்வதுதான்.

அந்தச் சனல் வேலையில் அப்படி என்ன பார்த்தீர்கள்?

முதல் வடிவத்தில் பணம் கட்டியதும் ஒரு பச்சைச் சரி அடையாளம் வரும். அதன் கீழ் பெரிய எழுத்தில் "மாலை 5.30", அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் சிறிதாக "உங்கள் இலக்கம் 14". எங்களுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பணம் கட்டும் வரை ஓரளவு சரியாகப் போனது. கடைசித் திரை வந்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், பிறகு தூரப் பிடித்தார், பிறகு என்னிடம் நீட்டி, "நம்பர் எத்தனை, தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து போய் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் 14 என்று எழுதிக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார். 5.30 என்பதை அவர் எழுதவே இல்லை.

ஏனென்றால் 5.30 என்பது யாரும் நம்பாத நேரம். டாக்டர் அரசாங்க ஆஸ்பத்திரி வேலையை முடித்து, வாகன நெரிசலில் வந்து சேரும்போதுதான் கிளினிக் தொடங்கும். ஆகவே வீட்டிலிருந்து புறப்படும் முன் அந்த அம்மா மருத்துவ நிலையத்துக்குப் போன் போட்டு இரண்டு கேள்வி கேட்பார்: டாக்டர் வந்துவிட்டாரா? எத்தனையாவது நம்பர் போகிறது? செயலி செய்து கொடுத்த பிறகும் வரவேற்பு மேசையில் தொலைபேசி ஓயவில்லை என்று முதலாளி குறைப்பட்டதற்குக் காரணம் இதுதான். மக்களுக்கு வேண்டிய இரண்டு தகவலும் செயலியில் இல்லை.

திரையை மாற்றினோம். நம்பர் மேலே, பெரிதாக. அதற்குக் கீழ் "டாக்டர் வந்துவிட்டார்" அல்லது "இன்னும் வரவில்லை". அதற்குக் கீழ் இப்போது உள்ளே இருக்கும் நம்பர். நேரம் கடைசியில்.

ஆனால் நடப்பு நம்பரை யார் பதிவது? டாக்டரின் அறைவாசலில் பட்டியலுடன் நிற்கும் பணிப்பெண்தான். அவரும் எங்கள் பயனர் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாலை அந்தக் கூடத்தில் உட்கார்ந்தேன். அவருடைய ஒரு கையில் பட்டியல், மறு கையில் பேனா, தோளால் கதவைத் தள்ளுகிறார். நம்பர்கள் ஒழுங்காகப் போவதும் இல்லை. 9 இன்னும் வரவில்லை, 10 உள்ளே போகிறார். நடுவே ஒருவர் "ரிப்போர்ட் மட்டும் காட்ட வேண்டும்" என்று கெஞ்சுகிறார், அவருக்கு நம்பரே கிடையாது. நாங்கள் வரைந்து வைத்திருந்ததோ ஆறு பெட்டிகள் கொண்ட ஒரு நிர்வாகப் பக்கம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, திரையின் பாதியை அடைக்கும் "அடுத்த நம்பர்" என்ற ஒரு பொத்தானும், "ரிப்போர்ட்" என்று சிறியதாக இன்னொன்றும் கொடுத்தோம். இரண்டாவது பொத்தானை அமுக்கினால் நம்பர் நகராது.

எத்தனை பேரைப் பார்த்தால் போதும்?

"ஐந்து பேர்" என்று எல்லோரும் மந்திரம்போல் சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பயன்படுதன்மை ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். ஒருவரைப் பார்க்கும்போது ஒரு குறை தென்படும் வாய்ப்பு, அவர்கள் பார்த்த வேலைகளில் சராசரியாக 31 சதவீதம். அப்படியானால் ஐந்து பேரிடம் ஏறத்தாழ 85 சதவீதக் குறைகள் வெளிப்பட்டுவிடும். அதற்கு மேல் போனால் பார்த்ததையே மறுபடி பார்த்துக்கொண்டிருப்போம். 2000இல் நீல்சன் இதைப் பரவலாக எழுதிய பிறகு ஐந்து என்பது வாய்ப்பாடாகிவிட்டது.

ஆனால் அந்த 31 சதவீதம் வேதவாக்கு அல்ல. பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் குறையாக இருந்தால், ஐந்து பேரில் அது தென்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். கொழும்பில் இன்னொரு சிக்கல்: சிங்களத் திரையும் தமிழ்த் திரையும் ஆங்கிலத் திரையும் பெயரளவில்தான் ஒன்று. ஒரு மொழியில் பொத்தானுக்குள் அடங்கும் சொல் இன்னொன்றில் வழிந்து நிற்கும். எனவே ஐந்து பேர் என்றால் மொழிக்கு ஐந்து பேர். ஒரே நாளில் பதினைந்து பேரைப் பார்க்காதீர்கள். ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, அடுத்த ஐந்து பேரிடம் போங்கள்.

ஐவரில் மூவர் தடுமாறினார்கள் என்பதை "60 சதவீதப் பயனர்கள்" என்று அறிக்கையில் எழுதுபவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஆட்களை எங்கே தேடுவது?

உங்கள் அலுவலகத்தில் வேண்டாம். சொந்தக்காரர்களும் வேண்டாம், அவர்கள் உங்கள் முகத்துக்காகச் சொல்வார்கள். அந்த வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். சனல் செயலி என்றால் மருத்துவ நிலையத்தின் கூடம், காத்திருக்கும் நேரத்தில் பேச எல்லோருக்கும் சம்மதம். கட்டணம் செலுத்தும் செயலி என்றால் கொட்டாஞ்சேனையில் ஒரு ரீலோட் கடை, அதாவது போனுக்குக் காசு ஏற்றும் கடை வாசல். புறக்கோட்டை வியாபாரிகளைப் பார்ப்பதென்றால் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், பாதிப் பேர் ஜும்ஆவுக்குப் போயிருப்பார்கள். ஒருவரின் அரை மணி நேரத்தை எடுத்தால் ஏதாவது கொடுங்கள். ரீலோட் போட்டுக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், காசை நீட்டினால் கூச்சப்படுவார்கள்.

என்ன கேட்க வேண்டும்?

முதலில், என்ன கேட்கக் கூடாது என்று சொல்கிறேன். "இது பிடித்திருக்கிறதா?" "இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" வீட்டுக்கு வந்தவர் மனம் நோகக்கூடாது என்று வளர்ந்த மக்கள் நாங்கள். பதில் எப்போதும் "நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி". அந்தப் பதிலை நம்பிப் போட்ட காசு இந்த ஊரில் எவ்வளவோ கடலில் கரைந்திருக்கிறது.

நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சனல் செய்தீர்கள்? எப்படிச் செய்தீர்கள்? அந்த எஸ்.எம்.எஸ். இன்னும் போனில் இருக்கிறதா, காட்ட முடியுமா? பிறகு ஒரு வேலையைக் கொடுங்கள்: "வியாழக்கிழமை மாலைக்கு ஒரு கண் டாக்டரிடம் நம்பர் எடுங்கள்." அதன்பின் வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி இதுதான். அவர் தடுமாறும்போது உங்கள் விரல் தானாகத் திரையை நோக்கிப் போகும். நான் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன், மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். ஏழிலோ எட்டிலோ அவரே ஏதாவது சொல்வார், அதுதான் தேடி வந்த பொருள்.

வீட்டுக்குப் போனால் முதலில் தேநீரும் பிஸ்கட்டும் வரும். குடித்து முடிக்கும் வரை போனை எடுக்காதீர்கள். அடுத்த அறையிலிருந்து மகன் வந்து அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கித் தானே செய்து முடித்தால், குழப்பிவிட்டார் என்று சலிக்காதீர்கள். அந்த வீட்டில் நம்பர் எடுப்பவர் மகன் என்று தெரிந்துவிட்டது. எங்கள் வேலையில் அந்த மகன் பல வீடுகளில் கனடாவிலோ லண்டனிலோ இருந்தார். பணம் கட்டுபவர் ஒருவர், நோயாளி இன்னொருவர், எஸ்.எம்.எஸ். போக வேண்டிய போன் வெள்ளவத்தையில். எங்கள் படிவத்திலோ தொலைபேசி இலக்கத்துக்கு ஒரே ஒரு பெட்டி.

தமிழைக் கடைசியில் மொழிபெயர்த்துப் போட்டால் போதாதா?

1987இன் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. திரைகளில் அது இன்னும் கடைசியாக வந்து சேரும் விருந்தாளிதான்.

நடப்பது இது. ஆங்கிலத்தில் வரைந்து முடித்து, பெட்டிகளின் அளவைப் பூட்டிவிடுவார்கள். பிறகு சொற்பட்டியல் மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் போகும். எந்தச் சொல் எந்தப் பொத்தானில் வரும் என்று அவருக்குத் தெரியாது. ஒருமுறை பட்டியல் பாமினியில் திரும்பி வந்தது, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தும் பழைய எழுத்துரு அது. ஒட்டிப் பார்த்தால் "அம்மா" என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றது. யுனிகோடுக்கு மாற்றிய பின் அடுத்த சிக்கல்: ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடிந்த பொத்தான் "இரத்துச் செய்யவும்" என்று நீண்டு, "இரத்து..." என்று வெட்டுப்பட்டது. மருத்துவச் செயலியில் அப்படி ஒரு பொத்தானை யார் அமுக்குவார்கள்? ஓர் ஐயா "இரத்தப் பரிசோதனையா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை, அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

சொல்லின் சாயலும் முக்கியம். சென்னையில் தயாரான திரையில் "தேதி", "மருத்துவமனை" என்று இருக்கும். இங்கே எவருக்கும் புரியும், ஆனால் "திகதி", "வைத்தியசாலை" என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு நாட்டுப் படிவம். பணம் கட்டும் பக்கத்தில் அந்த அந்நியம் சந்தேகமாக மாறுகிறது. "சமர்ப்பிக்கவும்" என்ற பொத்தானில் விரல் தயங்கி நின்றதைப் பலமுறை பார்த்தேன். "நம்பர் எடுக்கவும்" என்று மாற்றியதும் தயக்கம் போனது. ஆங்கிலத்தில் அதற்கு இணையான பொத்தானையும் அப்படியே மாற்றினோம். தமிழ்த் திரையைப் பார்த்து ஆங்கிலத் திரையைத் திருத்தியதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம், மறைப்பானேன்.

தேடுபெட்டியில் தமிழர் பலர் டாக்டரின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். "சிவ" என்று தொடங்கும் பெயரை ஒருவர் எஸ் போட்டு எழுதுவார், இன்னொருவர் எஸ்ஸும் எச்சும் போட்டு எழுதுவார். இரண்டுக்கும் ஒரே டாக்டர் வர வேண்டும்.

படிவம் ஒன்றில் ஆய்வு எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறது?

எங்கள் வேலையில் மிக அதிகம் அகப்பட்டது படிவத்தில்தான்.

பெயர். "முதற்பெயர்", "குடும்பப் பெயர்" என்று கட்டாயப் பெட்டிகள் இரண்டு. இலங்கைத் தமிழரில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தையின் பெயரும் தன் பெயரும்தான். எதை எங்கே போடுவது? ஒருவர் தந்தை பெயரை முதலில் போட்டார், வாசலில் பணிப்பெண் காலஞ்சென்ற தந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரே பெட்டியாக்கி, "வாசலில் உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" என்று எழுதினோம்.

அடையாள அட்டை. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016இலிருந்து வழங்கப்படும் புதியதில் பன்னிரண்டு எண்கள். எங்கள் நிரலாளர் நல்லெண்ணத்தோடு எண் விசைப்பலகையைத் திறக்க வைத்திருந்தார். பழைய அட்டைக்காரர்கள் ஒன்பதாம் எண் வரை வந்து, வீயைத் தேடித் தேடி நின்றுவிட்டார்கள். அலுவலகத்தில் யாருக்கும் இது தட்டுப்படவில்லை, இளைஞர்களிடம் இருந்ததெல்லாம் புதிய அட்டை.

இன்னொன்று: அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தை வாங்கிவிட்டுப் பிறந்த திகதியையும் பாலையும் திரும்பக் கேட்பது வீண் வேலை. நாங்களே நிரப்பிக் காட்டி, தவறென்றால் திருத்த விட்டோம். பிள்ளைகளுக்கு அட்டை கிடையாது என்பதால் அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கவில்லை.

பொத்தானின் அளவு, எழுத்தின் நிறம் இவற்றுக்கும் ஆய்வு வேண்டுமா?

வேண்டாம். தெரிந்ததை மறுபடி கண்டுபிடிக்க மக்களின் நேரத்தை எடுக்காதீர்கள். இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் தொட நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்துவிட்டார். தொடுமிடம் ஆப்பிள் வழிகாட்டியில் 44 அலகு, ஆண்ட்ராய்டில் 48. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் விதி. எங்கள் சாம்பல் நிற "இலக்கம் 14" அதிலேயே தோற்றிருந்தது. காலி வீதியில் 155ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி, ஒரு கை கம்பியில் இருக்க, மறு கைப் பெருவிரலால் நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள்.

எங்களுக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை.

இரண்டு நாள் இருக்கிறதா? முதல் நாள் வேலை நடக்கும் இடத்தில் உட்காருங்கள். அன்றிரவு ஏ4 தாளில் திரைகளைக் கையால் வரையுங்கள். மறுநாள் ஐந்து பேரிடம் தாளை நீட்டி, விரலால் அமுக்கச் சொல்லுங்கள், அமுக்கியதும் அடுத்த தாளை வையுங்கள். தாளாக இருந்தால் மக்கள் தயங்காமல் குறை சொல்கிறார்கள், மினுமினுக்கும் திரைக்கு மரியாதை கொடுத்துவிடுகிறார்கள்.

மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்த குறுக்குவழிகளையும் தேடுங்கள், அதற்குச் செலவே இல்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். குறி வந்தபோது, போனில் இருந்த அந்தச் சதுரத்தை எத்தனை பேர் அச்சிட்டு, லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வரிசையில் சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் இல்லை. அதைப் பார்த்த பிறகு நான் செய்யும் எந்தச் செயலியிலும் அச்சிடக்கூடிய பக்கம் ஒன்று இருக்கும்.

முடிவில் மதிப்பெண் போடச் சொல்லலாமா?

போடச் சொல்லலாம். பயன்படுதன்மையை அளக்க ஜோன் புரூக் 1986இல் செய்த பத்துக் கேள்விப் பட்டியல் உண்டு, 0 முதல் 100 வரை வரும், சராசரி 68 அளவில். அது சதவீதம் அல்ல. இரண்டு வடிவங்களை ஒப்பிட உதவும், எங்கே பிழை என்று சொல்லாது. எங்கள் ஊர் மரியாதை அதிலும் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடும்.

ஒளிப்பதிவு செய்யலாமா?

முன்கூட்டிக் கேட்டு, அவருடைய மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்கி, கையையும் திரையையும் மட்டும் பதியுங்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகைத் தரவு. உண்மையான நோயும் உண்மையான டாக்டர் பெயரும் பதிவில் வேண்டாம், கற்பனை நோயாளி ஒருவரைக் கொடுங்கள்.

முதலாளி ஆய்வு முடிவை ஏற்காவிட்டால்?

அறிக்கையோடு வாதாடாதீர்கள். அவரையே கூட்டிப்போய் ஒரு மூலையில் உட்காரவையுங்கள், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த மருத்துவ நிலைய முதலாளிக்குச் செயலியின் முகப்பில் தன் புதுக் கட்டடத்தின் படம் பெரிதாக வேண்டும். நாலாவது ஆளும் படத்தைத் தாண்டிக் கீழே தள்ளுவதைப் பார்த்த பிறகு, படத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

ஆய்வு செய்தும் பிழைவிட்ட அனுபவம் உண்டா?

உண்டு. நடப்பு நம்பர் காட்டும் திரையை வீடுகளிலும் எங்கள் அலுவலகத்திலும்தான் சோதித்தோம், இரண்டிலும் வைஃபை. மருத்துவ நிலையத்தின் கீழ்த்தளக் கூடத்தில் சிக்னல் வந்து வந்து போகும். ஒரு மாலை பணிப்பெண்ணின் போன் 14இல் உறைந்து நின்றது, உள்ளே 22 போய்க்கொண்டிருந்தது. 19ஆம் நம்பர்க்காரர் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு, இன்னும் நேரமிருக்கிறது என்று குளிக்கப் போனார். வந்து சேர்ந்தபோது டாக்டர் புறப்பட்டுவிட்டார். அவருடைய மகள் தொலைபேசியில் என்னைத் திட்டினார். திட்டியதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

அதன்பின் நம்பருக்குக் கீழே "மாலை 6.10க்குப் பதிந்தது" என்று ஒரு வரி சேர்த்தோம். பத்து நிமிடத்துக்கு மேல் புதுப்பிக்கப்படாவிட்டால் நம்பர் மங்கிவிடும், பக்கத்தில் நிலையத்தின் தொலைபேசிப் பொத்தான் தோன்றும். அந்தக் கூடத்தில் இப்போதும் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது, பணிப்பெண் "அடுத்த நம்பர்" பொத்தானை அமுக்கும் முன் அதில் எழுதிவிட்டுத்தான் அமுக்குகிறார். அதைக் கழற்றச் சொல்லலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன், கறுப்பு மார்க்கர் பேனா இரண்டு வாங்கிக் கொடுக்கச் சொன்னேன்.